உபயத்தோடு ஒரு மகமை

திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டால் ஆலயங்களில் உபயப் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் உபயம் ஒரு குடும்பம், இரண்டாம் நாள் மற்றொரு குடும்பம், தேர் அலங்காரம் ஒருவர், நாதசுவரம் ஒருவர், அன்னதானம் ஒருவர் என்று வரிசையாகப் பெயர்கள் ஏறும். பாட்டனார் தொடங்கிவைத்த உபயத்தைப் பேரப்பிள்ளைகள் கைவிடாமல் நடத்திவரும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கணும் உண்டு. பக்தியும் குடும்பப் பெருமையும் கைகோத்துச் செய்யும் இந்தத் திருப்பணி போற்றத்தக்கது.

அதே ஆலயத்துக்கு இன்னொரு பட்டியலும் வருகிறது. அது ஏட்டில் ஏறுவதில்லை. பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைக்குக் காலணி வாங்க வழியில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் தாய், கணவர் நோயுற்றதால் மின்கட்டணம் கட்ட முடியாத மனைவி, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் முதல் தவணைப் பணத்துக்கு அலையும் மாணவர் ஆகியோர் தங்கள் குறையை அம்பாள் சந்நிதியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சில வேளைகளில் நிர்வாகத்தாரிடமும் சொல்கிறார்கள். அப்போது கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

இறைவன் ஒருவருக்குச் செல்வத்தை அருளும்போது அதில் ஏழைக்கும் ஒரு பங்கை வைத்தே அருள்கிறானா? செல்வர் செய்யும் உதவி அவரது கருணையா, கடமையா? திருவிழாக் காலமே இந்த வினாவை எழுப்பத் தக்க காலம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் ‘ஈகை’ என்னும் அதிகாரத்தை அறியாதார் இலர். அது 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னே, 22ஆம் அதிகாரமாக ‘ஒப்புரவறிதல்’ என்பதைத் திருவள்ளுவர் வைத்திருக்கிறார். இல்லாதவன் வந்து நிற்கும்போது இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் பொருள் ஊருக்கும் உரியது என்று உணர்ந்து நடப்பது ஒப்புரவு. முன்னது கேட்ட பின் வருவது. பின்னது கேட்கும் முன்பே நிற்பது.

ஒப்புரவு உடையவனின் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளும் கருதத்தக்கவை. ஊர் மக்கள் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றையும் அவர் சொல்கிறார். குளத்தில் நீர் முகப்பவர் குளத்தைக் கெஞ்சுவதில்லை. குளமும் தன் கரையில் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ஆகவே கருணைக்கு முன்பே கடமையை வைத்தது தமிழ் மரபு என்று துணிந்து கூறலாம்.

சைவ நெறியில் இக்கருத்து இன்னும் நேராகச் சொல்லப்பட்டுள்ளது. கோயிலில் எழுந்தருளிய இறைவனுக்கு அளிப்பது நடமாடும் கோயிலாகிய அடியாரைச் சென்று சேர்வதில்லை. நடமாடும் கோயிலுக்கு அளிப்பதோ கோயில் இறைவனுக்கும் ஆகிறது என்பது திருமூலர் வாக்கின் சாரம். உபயம் செய்யும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வாக்கு இது.

கல்லில் எழுதிய வரவு செலவு

ஆலயப் பணத்தில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பங்கு வைப்பது புதுமை என்று சிலர் கருதக்கூடும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அக்கோயிலின் ஆண்டுச் செலவுத் திட்டத்தை அது விரித்துரைக்கிறது. பூசைக்கு இவ்வளவு, திருவிழாவுக்கு இவ்வளவு என்று எழுதிய அதே கல்லில் வேதப் பள்ளிக்கும், மாணவர் விடுதிக்கும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கும் செலவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் நோயாளரைப் பேணும் பெண்களுக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மாணவர்கள் சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெய்க்குக்கூடக் கணக்கு உண்டு.

அந்த ஆதுலசாலை கோயிற் பணியாளர்க்கும் மாணவர்க்கும் உரியதாக இருந்ததே தவிர, ஊர் ஏழைகள் அனைவருக்கும் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது காட்டும் நெறி தெளிவானது. தெய்வத்துக்குச் செய்யும் செலவையும் மனிதருக்குச் செய்யும் செலவையும் நம் முன்னோர் இரு வேறு ஏடுகளில் எழுதவில்லை. மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கவும் இல்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே அளந்து வைத்தார்கள்.

மூட்டையில் பிறந்த பள்ளிக்கூடம்

அளந்து வைப்பதற்குத் தமிழ் வணிகர் இட்ட பெயர் ‘மகமை’. மலாயாவுக்கு வந்து தண்டாயுதபாணி ஆலயங்களை எழுப்பிய நகரத்தார் தங்கள் வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக வைத்தே அப்பணிகளை நடத்தினர் என்பது இந்நாட்டவர் அறிந்ததே. அதே மகமை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு விருதுநகர் சிறந்த சான்று.

முன்பு விருதுபட்டி எனப்பட்ட அவ்வூரில் நாடார் வணிகர்கள் தங்கள் பேட்டைக்குள் வரும் சரக்குக்கும் வெளியே போகும் சரக்குக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். ஆலயத்துக்குள் நுழையும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அவமதிப்பைக் கண்டு முடங்காமல் அவர்கள் தங்கள் பணத்தைப் பொதுவில் திரட்டினார்கள். உறவின்முறை என்ற ஊர்ச்சபை அப்பணத்தைக் காத்தது. அதிலிருந்து பொதுப்பணிகள் நடந்தன. 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி தோன்றியது. பள்ளிக்கு உதவியாக வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் ‘பிடி அரிசி’ வழக்கமும் நடைமுறையில் இருந்தது. பெரிய வணிகரின் மூட்டையும் ஏழை வீட்டின் பிடி அரிசியும் ஒரே பள்ளிக்குச் சென்றன.

அந்தப் பள்ளியில் பயின்ற சிறுவர்களில் ஒருவர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்த காமராசர். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தையார் காலமாகிவிட்டார். மகமையின் பயனாகக் கற்கும் வாய்ப்பு கிடைத்தும், வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாமையால் அவர் படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். பள்ளிக் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையின் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பிற்காலத்தில் அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களைத் திரட்டிப் பள்ளிகளுக்கு உதவ வைத்தார். அரசின் பணத்தோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே அந்தப் பிள்ளைகளின் தட்டில் சோறாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. விருதுபட்டிப் பேட்டையில் மூட்டைக்கு மகமை வைத்த வணிகர்கள் இவ்வளவையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தங்கள் கடமையை மட்டுமே அவர்கள் செய்தார்கள்.

சுங்கை வே காட்டும் நிலை

இன்று ஸ்ரீ செத்தியா என்றும் வழங்கும் சுங்கை வே, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமத்தைக் கொண்ட பகுதி. 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. சுற்றுவட்டார மக்களும் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் வேலை தேடி வந்தார்கள். 1980, 1990களில் சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளில் குடியேறின. பின்னர் அவர்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள்.

அந்த மாற்றத்தில் முன்னேறியோர் பலர். கடை வைத்தவர், குத்தகை எடுத்தவர், பட்டதாரியானவர், தொழிலதிபரானவர் எனப் பலரும் இன்று உபயப் பட்டியலில் இருக்கிறார்கள். முன்னேற இயலாமல் பின்தங்கியோரும் அதே சாலையின் மறுபக்கத்தில் வாழ்கிறார்கள். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுங்கை வேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத கம்போங் மேடான் வட்டாரத்தில் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பறிபோயின. வறுமையும் குடியிருப்பு நெரிசலும் அந்த வட்டாரத்தை எவ்வளவு வாட்டியிருந்தன என்பது அதன் பிறகே பலர் கண்ணில் பட்டது. பக்கத்தில் இருக்கும் வறுமையைப் பாராமல் இருப்பதன் விலை என்ன என்பதை அந்த நாட்கள் உணர்த்தின.

இன்றைய வறுமை அன்றைய வறுமையைப் போன்றதன்று. திருவிழா அன்னதானத்தில் வயிறார உண்போர் பலருக்கு வீட்டிலும் சோறு உண்டு. உண்மையில் இல்லாதவர் இரவு முறை வேலையிலோ, நோயாளிக்குத் துணையாகவோ இருப்பதால் அந்த வரிசைக்கே வருவதில்லை. அரசாங்கப் பள்ளியில் கல்வி இலவசம்தான். ஆனால் பள்ளிப் பேருந்துக் கட்டணம், காலணி, கைச்செலவு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை இலவசமல்ல. எஸ்.பி.எம். எழுதும் முன்பே பிள்ளை உணவகத்தில் பகுதிநேர வேலைக்குப் போய், அப்படியே முழுநேரமாகிவிடுவது இவ்வாறுதான். விருதுபட்டிச் சிறுவனின் கதை வேறு வேறு பெயர்களில் இங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

சொல்லப்படும் மறுப்புகள்

செல்வர்க்கு இதில் கடமை உண்டு என்றவுடன் சில மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்கிவிடாமல் ஆராய்வதே முறை.

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்ற பழமொழியை முதலில் சொல்வார்கள். தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. ஆனால் எது மிச்சம் என்பதை யார் தீர்மானிப்பது? வருமானம் உயர உயரத் தேவையும் உயர்ந்துகொண்டே போகும். புதிய வீடு, புதிய வாகனம், பிள்ளையின் திருமணம் என்று வரிசை நீளும். ஆண்டு முடிவில் மிச்சம் பார்ப்பவருக்கு எந்த ஆண்டும் மிஞ்சாது. மகமை வைத்த வணிகர் இதை அறிந்திருந்தார். இலாபம் கண்ட பிறகு எடுக்காமல், சரக்கு நகரும்போதே எடுத்தார். மேலும், அந்த மூட்டை அவர் ஒருவரால் நகரவில்லை. விளைவித்தவன், சுமந்தவன், வண்டி ஓட்டியவன் எல்லார் உழைப்பும் அதில் இருந்தது. தனியொருவராய்ச் சம்பாதித்ததாக எண்ணும் இன்றைய செல்வத்திலும் பல கைகளின் உழைப்பு இருக்கிறது.

‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்பது இரண்டாவது. தகுதியில்லாதவர் ஏமாற்றிவிடுவார்கள், உதவி சோம்பலை வளர்க்கும் என்ற அச்சம் நியாயமானதே. குடிக்கும் சூதுக்கும் போகும் பணத்தால் யாருக்கும் நன்மையில்லை. ஆயினும் பாத்திரம் அறியச் சொன்ன பழமொழி, அறியும் பொறுப்பையும் கொடுப்பவரிடமே ஒப்படைக்கிறது. அறிய முயலாமலே ‘எல்லாரும் ஏமாற்றுக்காரர்’ என்று கையை மடக்கிக்கொள்வது அந்தப் பழமொழிக்குப் பொருளாகாது. தகப்பன் குடிகாரன் என்பதற்காகப் பிள்ளையின் பேருந்துக் கட்டணத்தை நிறுத்துவது எந்த நீதியில் சேரும்?

மூன்றாவது, ‘அரசாங்கம் இருக்கிறதே’ என்பது. அரசாங்கம் தன் கடமையைச் செய்யத்தான் வேண்டும். அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் அரசு உதவி பெறப் பாரம் நிரப்ப வேண்டும், சான்றுகள் வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் மாதங்களிலேயே பிள்ளை பள்ளியை விட்டுவிடுகிறது. மதிய உணவுத் திட்டத்தில் அரசும் ஊரும் சேர்ந்து நின்றதையே இங்கும் நினைக்க வேண்டும்.

செல்வர் மட்டுமா?

இக்கடமை செல்வர்க்கு மட்டும் உரியதா என்று கேட்போர்க்கு இந்நாட்டு வரலாறே விடை சொல்கிறது. 1950களில் ஐரோப்பியர் கையிலிருந்த தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் இருப்பிடத்தையும் இழக்கும் நிலை வந்தது. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டிப் பங்கு வாங்கின. அந்தச் சிறு தொகைகள் சேர்ந்து கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாகப் பல தோட்டங்கள் தொழிலாளரின் கூட்டுறவுக்குச் சொந்தமாயின.

இது செல்வர்க்குப் பெருமை தருவதோடு ஒரு நாணத்தையும் தர வேண்டிய வரலாறு. நாட்கூலி வாங்கியவர் அன்று பத்து வெள்ளியை அளந்து வைக்க முடிந்தது என்றால், இன்று பல்லாயிரம் வெள்ளியில் உபயம் செய்ய வல்லவர்க்கு இயலாது என்பதற்கில்லை.

பத்தில் ஒரு பங்கு

ஆகவே திருவிழாவின் சிறப்பைக் குறைக்காமலே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒவ்வோர் உபயத்தோடும் பத்தில் ஒரு பங்கு மகமையாக வைக்கலாம். கணக்குக்காக ஓர் உபயத்தின் செலவு 3,000 வெள்ளி என்று கொள்வோம். அதில் 300 வெள்ளி மகமை. பத்து நாள் திருவிழாவில் 3,000 வெள்ளி சேரும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி உதவி என்றால் மூன்று பிள்ளைகள். மூன்றுதானா என்று எண்ண வேண்டாம். ஓர் ஊரில் ஆண்டுக்கு மூன்று பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் காப்பது சிறு காரியமன்று. பத்து ஆலயங்கள் இவ்வாறு செய்தால் முப்பது பிள்ளைகள்.

இம்மகமைக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். திருவிழாச் செலவு முடிந்த பின் எடுக்காமல், உபயத் தொகை வந்த அன்றே தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தை வேறெதற்கும் தொடக்கூடாது; கோபுர வண்ணப்பூச்சுக்கும் கூடாது. வரவு செலவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அனைவர் முன்னும் வைக்க வேண்டும். தேவையுள்ள பிள்ளை யார் என்பதை ஆசிரியர்களே நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால் எஸ்.பி.எம். முடியும் வரை கைவிடலாகாது. விருதுநகர் மகமை ஒரு சமூகத்தார் தமக்குள் வைத்தது. ஆலய மகமைக்குச் சாதி, ஊர், கட்சி என்ற வேலிகள் வேண்டா.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பெறுபவரின் மானம். மேடையில் பிள்ளையை நிறுத்தி, பொன்னாடைக்கும் படப்பிடிப்புக்கும் நடுவே உறையைக் கொடுப்பது வேண்டாம். குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிச்சமே மறையும்படி அதில் பெயரெழுதும் வழக்கத்தை நாம் கண்டு சிரிப்பதுண்டு. விளக்கில் எழுதினால் வெளிச்சம்தான் குறையும். பிள்ளையின் முகத்தில் எழுதினால் அதன் தலை வாழ்நாள் முழுதும் குனிந்துவிடும். உபயகாரரின் பெயர் உபயப் பட்டியலில் இருக்கட்டும். மகமைக் கணக்கில் தொகை மட்டும் இருந்தால் போதும்.

வசதி குறைந்த பக்தர்க்கும் இதில் இடம் உண்டு. பிடி அரிசியைப் போல் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெள்ளி மகமை உண்டியலில் சேர்க்கலாம். அப்போது அது செல்வர் ஏழைக்கு இடும் பிச்சையாக இராது. ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் ஏற்பாடாகிவிடும்.

அம்பாளுக்கு அணிவிக்கும் பட்டும் மாலையும் குறைய வேண்டியதில்லை. தேர் வழக்கம்போல் வலம் வரட்டும், நாதசுவரம் ஒலிக்கட்டும், அன்னதானம் நடக்கட்டும். தேர் வலம் வரும் வீதியில் அடுக்குமாடி வீட்டு மாடத்தில் நின்று கைகூப்பும் பிள்ளையும் அந்த அன்னையின் பிள்ளையே. அப்பிள்ளையின் அடுத்த ஆண்டுப் படிப்புக்கு வழி செய்துவிட்டு வடம் பிடிப்போர் கைக்கு வலிமை கூடும். எல்லா உயிரும் இன்புற்றிருக்க அன்னை அருள்புரிவாளாக.